மாரிகாலக் கைவேலையும் கணக்கும் – ரெண்டாம் ஆண்டுக்கு என்ன செய்விக்கலாம்?

உப்புவெளி ரீச்சர்
நவம்பர் 18, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் ரெண்டாம் ஆண்டு எடுக்கிறன், வகுப்பில 31 பிள்ளையள். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன மார்கழியில இணையத்தில இருந்து ஒரு செயற்பாட்டுத் தாள் எடுத்துப் பனிமனிதன் செய்வித்தன். வெள்ளைத் தாளில மூண்டு வட்டம் வெட்டி ஒட்டவேணும், வயித்தில பொத்தான் ஒட்டவேணும், ஒவ்வொரு பொத்தானிலயும் ஒரு கூட்டல். பாக்க வடிவாத்தான் இருந்தது. ஆனா ரெண்டு பாடவேளை போனதில கணக்குச் செய்த நேரம் ஐஞ்சு நிமிசம் வராது. மிச்ச நேரம் முழுக்க கத்தரிக்கோலுக்குச் சண்டையும், மேசையில கம் கொட்டினதைத் துடைக்கிறதும்தான். எல்லாம் முடிச்சுச் சுவரில ஒட்டினாப் பிறகு ஒரு பெடியன் கேட்டான்: "ரீச்சர், இது வயலுக்க வைக்கிற வெருளியோ?"

அவனில பிழையில்லை. பனியை அவன் எங்க கண்டான்?

இந்த முறையும் மழை தொடங்கிட்டுது. இடைவேளைக்கும் வெளியில விட ஏலாது, வகுப்புக்குள்ள 31 பேரும் குதிக்கினம். எங்கட காலநிலைக்கும் எங்கட பண்டிகையளுக்கும் பொருந்துற கைவேலை ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ. கணக்கு அதுக்குள்ளயே இருக்கவேணும், மேல ஒட்டினதா இருக்கக் கூடாது.

டொக்யார்ட் ரோட்
நவம்பர் 18, இரவு 9:40

மழைக்கு வேற என்ன ரீச்சர், கடதாசிக் கப்பல்தான். துறைமுகத்துப் பிள்ளையளுக்குக் கப்பலைப் பற்றிச் சொல்லிக்குடுக்கத் தேவையுமில்லை. பழைய கொப்பித் தாள் காணும். மடிக்கேக்க அரை, கால் எல்லாம் தானா வரும்.

பாலையூற்று அப்பா
நவம்பர் 18, இரவு 10:25

ஒரு தகப்பனா என்ர பக்கத்தையும் சொல்லுறன், ரீச்சர் கோவிக்கவேண்டாம். "நாளைக்குப் பிறிஸ்டல் போட் கொண்டுவரச் சொன்னவை" எண்டு பிள்ளை சொல்லுறது இரவு ஒன்பது மணிக்கு. எந்தக் கடை திறந்திருக்கும்? போன வருசம் ஒரு தவணைக்குள்ள நாலு தரம் மழைக்க மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு சுத்தினனான். கடைசியில அதை வெட்டி ஒட்டுறது ஆர்? நானும் மனிசியும். பிள்ளை நித்திரை.

மூத்தவள் நாலாம் ஆண்டு. அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை. பெருக்கல் வாய்ப்பாடு ஏழுக்கு மேல தடுமாறுது. இந்த நிலையில கைவேலை செய்து கணக்குப் படிப்பம் எண்டா எனக்கு வயித்தைக் கலக்குது. வாய்ப்பாட்டைப் பாடமாக்கினா முடிஞ்சுது. நாங்கள் அப்பிடித்தானே படிச்சனாங்கள்?

தம்பலகாமம் வாத்தியார்
நவம்பர் 19, காலை 6:05

பாலையூற்றுத் தம்பி சொல்லுறதில பாதி சரி. வாய்ப்பாடு பாடமாக்கத்தான் வேணும். நான் 34 வருசம் ஆரம்பப் பிரிவில நிண்டவன், அதை வேண்டாம் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. பிறிஸ்டல் போட் கதையும் சரி. வீட்டில இல்லாத ஒரு பொருளையும் நான் பிள்ளையளைக் கேட்டதில்லை.

ஆனா ரீச்சர் கடைசியாக் கேட்டாவே, கணக்கு உள்ளுக்கு இருக்கவேணும் எண்டு, அதுதான் இதில முக்கியம். பனிமனிதன்ர பொத்தானில 5+3 க்கு 9 எண்டு எழுதினாலும் பனிமனிதன் பனிமனிதனாத்தான் நிப்பான். பிழை ஆருக்கும் தெரியாது, ரீச்சர் சிவப்புப் பேனையோட வரும்வரைக்கும். எண்ணிக்கை பிழைச்சா பொருளே பிழைக்கிற மாதிரி ஒண்டு செய்விக்கவேணும்.

ஒண்டு சொல்லுறன், நாளைக்கே செய்து பாக்கலாம். யோகட் கப் ஒண்டை எடுத்து, விளிம்பில இருந்து அடி வரைக்கும் கீலம் கீலமா வெட்டிவிடுங்கோ. பாதிப் பேருக்கு 7 கீலம், பாதிப் பேருக்கு 8. பிறகு பழைய சீலையைக் கிழிச்ச நாடாவால சுத்திப் பின்னச் சொல்லுங்கோ, ஒண்டுக்கு உள்ளால, அடுத்ததுக்கு வெளியால. முதல் சுத்து எல்லாருக்கும் சரியாப் போகும். ரெண்டாம் சுத்துத் தொடங்கேக்கதான் கூத்து. 7 கீலக்காரருக்கு நாடா தானா இடம் மாறும், முதல் உள்ள போன இடத்தில இப்ப வெளியால வரும். பெட்டி இறுகிக்கொண்டு வரும். 8 கீலக்காரருக்கு முதல் போன வழியாலயே திரும்பவும் போகும். நாடா ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்குமே தவிரப் பின்னல் பிடிக்காது. "ரீச்சர், எனக்கு மட்டும் வருதில்லை" எண்டு ஒரு அழுகை எழும்பும். அந்த இடத்தில விட்டுப்பிடியுங்கோ, வேற எண்ணிக்கையிலயும் வெட்டிப் பாக்கட்டும். 5 வெட்டினவனுக்கு வருது, 6 வெட்டினவனுக்கு வருதில்லை, 9 க்கு வருது. ஒற்றை, இரட்டை எண்டதை அவங்களே கண்டுபிடிப்பாங்கள். நான் கரும்பலகையில ரெண்டு கிழமை நிண்டு சொன்னதை ஒரு பிஞ்ச சீலை அரை மணித்தியாலத்தில சொல்லிப்போட்டுது.

இது புதுசும் இல்லை. ஜேர்மனியில புரோபல் எண்டவர் 1837 இல சின்னப் பிள்ளையளுக்குப் பள்ளி தொடங்கி, 1840 இல அதுக்குக் கிண்டர்கார்ட்டன் எண்டு பேர் வைச்சார். தாள் மடிக்கிறதும் தாள் பின்னுறதும் அங்க பாடத்திலேயே இருந்தது. எங்கட ஆச்சிமார் பனையோலையில அதுக்கு எத்தினையோ காலம் முந்தியே செய்துகொண்டு இருந்தவை, அது வேற கதை.

சிவன்கோயிலடி
நவம்பர் 19, காலை 7:30

வாத்தியார் ஐயா, பின்னிற பெட்டியைச் சித்திரைப் புதுவருசத்துக்குக் கைவிசேடக் காசு போட்டு வைக்கவும் எடுக்கலாம். காசு எண்ணுறதும் அதோட வந்திடும்.

கிண்ணியா மிஸ்
நவம்பர் 19, பின்னேரம் 4:18

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் மூணாம் ஆண்டு.

எங்கட உம்மும்மா பன்பாய் இழைக்கிறவ. எழுத வாசிக்கத் தெரியாது. கோலம் விழுற பாய்க்கு எத்தனை பன்னை விட்டு எத்தனையைத் தூக்கணும் எண்டு வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு இருப்பா. ஒண்டு தவறினா அவ்வளவையும் பிரிப்பா, திட்டிக்கிட்டே. ஐயா சொன்ன "பொருளே பிழைக்கும்" எண்டது எனக்கு நல்லாப் புரியுது.

நோன்புக்கு நான் செய்விக்கிறதைச் சொல்றன். பிறை நாட்காட்டி. கலண்டர் தாளின்ட பின்பக்கத்தில 30 சின்னச் சதுரம் வெட்டி, 7 ஏழா வரிசைக்கு ஒட்டச் சொல்வன். நாலு வரிசை முடிய ரெண்டு மிஞ்சும். ஆனா மாசம் 29 இலயும் முடியலாம், 30 இலயும் முடியலாம், 29ம் நாள் பின்னேரம் பிறை கண்டாத்தான் தெரியும். அதனால கடைசிச் சதுரத்தை ஒட்டாம மடிச்சு வைக்கணும். "மிஸ், மடிச்சா மிச்சம் ஒண்டு, விரிச்சா மிச்சம் ரெண்டு" எண்டு ஒரு புள்ள சொன்னா. வகுத்தலில மீதி எண்டது ஏன் வருது எண்டு அதுக்குப் பிறகு நான் விளக்கவே தேவைப்படல்ல.

டொக்யார்ட் ரோட் சொன்ன கப்பலை எங்கட புள்ளைகள் கப்பல் எண்டு சொல்லமாட்டாங்க, பாதை எண்டுதான் சொல்வாங்க, ஆக்களை ஏத்திக் கடக்கிற மிதவைக்கு எங்கட பக்கம் அதுதான் பேர். 2009 இல கிண்ணியாப் பாலம் திறக்கும்வரைக்கும் பாதையிலதான் ஆக்களும் வாகனமும் கடந்தது. அதைக் கண்ணால காணாத புள்ளைகளுக்கும் வீட்டில கதை கேட்டுக் கேட்டு அந்தச் சொல் வாயில இருக்கு. பாதையில எத்தனை பேர் ஏறலாம் எண்டு கேட்டா அதுவே ஒரு கணக்கு.

உப்புவெளி ரீச்சர்
நவம்பர் 19, இரவு 8:50

கிண்ணியா மிஸ், அந்தக் கடைசி வரி என்னைப் பிடிச்சிட்டுது. கப்பல் செய்து அதில பாரம் ஏத்திப் பாக்கலாம். புளியங்கொட்டை எல்லா வீட்டிலயும் இருக்கும். செய்துபோட்டு வந்து எழுதுறன்.

சீனக்குடா மாஸ்டர்
நவம்பர் 21, இரவு 7:15

நான் பின்னேரத்தில நாலாம், ஐஞ்சாம் ஆண்டுக்கு வகுப்பு எடுக்கிறனான். வைகாசியில வெசாக் கூடு கட்டுவிக்கிறன். எங்கட பக்கம் ரோட்டு முழுக்கக் கூடு தொங்கும், பெடியளுக்கும் கட்ட ஆசை, சரி எண்டு கணக்குக்குள்ள இழுத்திட்டன்.

ஈர்க்கால 6 சதுரம் கட்டவேணும். ஒரு சதுரத்துக்கு 4 ஈர்க்கு, மொத்தம் 24. பிறகு சதுரங்களை மூலைக்கு மூலை சேத்துக் கட்டினா உருண்டையா ஒரு கூடு வரும். இப்ப முக்கோணமான வெளியளை எண்ணு எண்டு சொல்லுவன். 8 வரும். சிங்களத்தில அதுக்கு அட்டபட்டம் எண்டு பேர், அட்ட எண்டா எட்டு. ரிசூத் தாள் ஒட்ட 6 சதுரமும் 8 முக்கோணமும், மொத்தம் 14 துண்டு. பிறகு மூலை எத்தினை எண்டு கேப்பன். 6 சதுரத்துக்கு 24 மூலை எண்டு கையை உயர்த்துவாங்கள். கட்டின முடிச்சை எண்ணிப் பாத்தா 12 தான் இருக்கும். ஏன்? ஒவ்வொரு முடிச்சிலயும் ரெண்டு சதுரத்தின்ர மூலை சேருது. இதுக்கு நல்ல சண்டை நடக்கும்.

ஒரு விசயம் கவனிச்சன். ஈர்க்கு எல்லாம் 10 சென்ரிமீற்றர் வெட்டச் சொன்னா மூண்டில ஒருத்தன் 9 தான் வெட்டுவான். அடிமட்டத்தில 0 இல வைக்காமல் 1 இல வைச்சு அளக்கிறான். கொப்பியில அந்தப் பிழைக்கு எத்தினையோ தரம் கோடு போட்டிருக்கிறன், திருந்தேல்லை. கூட்டில ஒரு ஈர்க்கு குறைஞ்சா அந்தப் பக்கம் சொத்தையாகி, கூடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்கும். பக்கத்தில இருக்கிறவன் சிரிப்பான். ஒருக்காச் சிரிச்சாக் காணும், பிறகு 0 இலதான் வைப்பான்.

ரெண்டாம் ஆண்டுக்கு இது பாரம் கூட, ரீச்சர். ஒரு சதுரத்தோட நிப்பாட்டலாம்.

பாலையூற்று அப்பா
நவம்பர் 21, இரவு 9:02

24 எண்டது 6×4, சரி. ஆனா என்ர மகள் அதைக் கூடு கட்டாமலே சொல்லுவாள். ஒரு கூட்டுக்கு ஒரு பின்னேரம் போகுதே மாஸ்டர்?

சீனக்குடா மாஸ்டர்
நவம்பர் 21, இரவு 9:20

அண்ணை, மகளிட்ட 12 முடிச்சுக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. கூட்டைக் காட்டாமல்.

உப்புவெளி ரீச்சர்
நவம்பர் 27, இரவு 9:35

கப்பல் விட்டாச்சு. பெரிய பேசினில தண்ணி நிரப்பி வகுப்புக்கு நடுவில வைச்சன். 31 பேரும் ஒரே நேரத்தில செய்ய விடேல்லை, 6 குழுவாப் பிரிச்சன். (ஒரு குழுவில ஆறு பேர், மற்ற ஐஞ்சிலயும் ஐஞ்சு பேர். இதைச் சொல்லவே ஒரு பத்து நிமிசம் சண்டை. அதுவும் கணக்குத்தானே எண்டு விட்டிட்டன்.)

தாளை மடிக்கேக்க அரை, கால் சொல்லவைச்சன். அது சுமாராத்தான் போச்சு. மடிக்கிற அவசரத்தில ஒருத்தரும் காதில வாங்கேல்லை.

பாரம் ஏத்த முதல், எத்தினை கொட்டை தாங்கும் எண்டு ஊகிக்கச் சொன்னன். "பத்து", "ஆயிரம்", "கோணேசர் கோயில் அளவு". பிறகு ஒவ்வொண்டா வைச்சு எண்ணினம். கப்பல் மூழ்கினவுடனே ஈரக் கொட்டையை எடுத்துப் பத்துப் பத்தாச் சிரட்டையில போடச் சொன்னன். ஒரு குழுவுக்கு 5 சிரட்டையும் 7 கொட்டையும், அதாவது 57. இன்னொரு குழுவுக்கு 38. எவ்வளவு கூட எண்டு கேட்டன்.

57 குழுவில ஒரு பிள்ளை, வகுப்பில வாயே திறக்காதவள், தன்ர கும்பத்தில இருந்து 38 ஐ எடுக்கத் தொடங்கினாள். 3 சிரட்டையைத் தள்ளி வைச்சாள். பிறகு 8 கொட்டை எடுக்கவேணும், கையில இருக்கிறது 7. ரெண்டு தரம் எண்ணினாள். என்னைப் பாத்தாள், நான் வெளியில மழையைப் பாத்துக்கொண்டு நிண்டன். கொஞ்ச நேரத்தால ஒரு சிரட்டையைத் தூக்கி மேசையில கவிட்டுக் கொட்டினாள். இப்ப 17. அதில 8 ஐ எடுத்தாள். ஒரு சிரட்டையும் 9 கொட்டையும் மிச்சம்.

இவ்வளவு நாளும் "பக்கத்து வீட்டில கடன் வாங்கு" எண்டுதான் சொல்லிக்குடுத்தனான். கடன் வாங்கினா ஏன் திருப்பிக் குடுக்கிறேல்லை எண்டு ஒருக்கா ஒரு பெடியன் கேட்டு நான் சமாளிச்சதும் உண்டு. கடனே இல்லை, அவளின்ர சிரட்டைதானே. இனிமேல் நானும் "சிரட்டையைக் கொட்டு" எண்டுதான் சொல்லப்போறன்.

அடுத்த நாள் அதையே கொப்பியில படமாக் கீறினம். அதுக்கு அடுத்த நாள்தான் 57 க்குக் கீழ 38 எழுதிக் கழிச்சது. மூண்டு நாள் எடுத்தது, உண்மை. 31 இல 24 பேர் சரியாச் செய்தவை. மிச்ச 7 பேரும் திங்கக்கிழமை திரும்பவும் சிரட்டையோட இருப்பினம்.

கிண்ணியா மிஸ்
நவம்பர் 27, இரவு 10:11

மாஷா அல்லாஹ். சிரட்டையைக் கவுத்தது எனக்கு முன்னால நடந்த மாதிரி இருக்கு. நாளைக்கே என்ட வகுப்புக்கும் சிரட்டை சேக்கிறன்.

பாலையூற்று அப்பா
நவம்பர் 28, காலை 6:40

மாஸ்டர் சொன்ன முடிச்சுக் கேள்வியை மகளிட்டக் கேட்டன். உடன 24 எண்டாள். நானும் 24 எண்டுதான் நினைச்சன். பிறகு ரெண்டு பேரும் விளக்குமாத்தில ஈர்க்கு உருவிக் கட்டினம். மனிசி விளக்குமாத்தைத் தேடிக்கொண்டு இருக்கிறா.

ஆனா நான் சொன்னதை விடமாட்டன். ரீச்சர், ஒரு கழித்தலுக்கு மூண்டு நாள் எண்டா பாடத்திட்டம் முடியுமோ?

உப்புவெளி ரீச்சர்
நவம்பர் 28, இரவு 8:15

எல்லாத்துக்கும் மூண்டு நாள் குடுக்க ஏலாது அண்ணா. தவணைக்கு ரெண்டு, மிஞ்சினா மூண்டு விசயத்துக்குத்தான். பிள்ளையள் வழமையா இடறி விழுற இடத்துக்கு மட்டும். ஒற்றை இரட்டைக்கு வாத்தியார் ஐயாவின்ர யோகட் கப்பும் செய்தன், ஒரே பாடவேளையில முடிஞ்சுது. மிச்சத்துக்குக் கொப்பியும் வாய்ப்பாடும்தான்.

நிலாவெளிக்காரி
ஜனவரி 6, பின்னேரம் 5:30

இழையை இப்பதான் கண்டன். பொங்கல் வருது, தோரணம் செய்வியுங்கோ ரீச்சர். குருத்தோலை மடிக்கிறது சின்னக் கைக்கும் வரும். ஓலை அழகா நறுக்கி, ரெண்டோ மூண்டோ குருவி மடிச்சு, இடையில மாவிலை வைச்சா வகுப்பே கலகலக்கும்.

தம்பலகாமம் வாத்தியார்
ஜனவரி 6, பின்னேரம் 5:52

பிள்ளை, நில்லுங்கோ! ரெண்டோ மூண்டோ இல்லை. நாலு. நாலு குருவி, தலை மேல பாத்தபடி இருந்தாத்தான் மங்கலத் தோரணம். மூண்டு குருவி தலைகீழாத் தொங்கினா அது செத்தவீட்டுத் தோரணம். பொங்கலண்டு பள்ளிக்கூட வாசலில அதைக் கட்டினா ரீச்சரின்ர கதி என்ன?

நிலாவெளிக்காரி
ஜனவரி 6, பின்னேரம் 6:03

ஐயோ ஐயா, கையால எழுத்து வழுக்கிட்டுது. அம்மா பக்கத்தில இருந்து வாசிச்சுப்போட்டு இப்ப எனக்குப் பேச்சு.

தம்பலகாமம் வாத்தியார்
ஜனவரி 6, இரவு 7:10

பேச்சு வாங்கினது நல்லதுதான், ரீச்சருக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. ஒவ்வொண்டுக்கும் நாலு. 12 தோரணத்துக்கு எத்தினை குருவி? நாலாம் வாய்ப்பாடு அங்க தொங்கும். பாலையூற்றுத் தம்பி பாத்துச் சந்தோசப்படலாம்.

இன்னொண்டு. 12 தோரணத்தைக் கயித்தில கட்டி, ரெண்டு தோரணத்துக்கு இடையில ஒரு மாவிலை எண்டா மாவிலை எத்தினை? பிள்ளையள் 12 எண்டு பிடுங்கிக்கொண்டு வருவினம். கட்டி முடிய ஒண்டு கையில மிஞ்சும். இடைவெளி 11 தானே. வேலிக்குக் கதியால் நடுற ஆளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். பிறகு அதே 12 தோரணத்தையும் பொங்கல் பானையின்ர கழுத்தைச் சுத்தி வட்டமாக் கட்டச் சொல்லுங்கோ. இப்ப 12 மாவிலையும் வேணும். அந்த மிஞ்சின இலை எங்க போச்சு எண்டு கேட்டுப்போட்டு, பதிலைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கோ.

கிண்ணியா மிஸ்
ஜனவரி 6, இரவு 8:30

ஒரு சின்னக் கேள்வி. எங்கட மாதிரி வகுப்பில தோரணம், கோலம் எல்லாம் சரிவராது. ரீச்சரின்ட வகுப்பிலயும் கலந்த புள்ளைகள் இருப்பாங்க தானே?

உப்புவெளி ரீச்சர்
ஜனவரி 6, இரவு 9:00

இருக்கினம் மிஸ். 31 இல 5 பேர் முஸ்லிம் பிள்ளையள், 4 பேர் வேதக்காரப் பிள்ளையள். அதனால வகுப்புக்குள்ள கட்டாமல், எல்லாரும் கயித்தில மாறி மாறி ஓலையும் இலையும் கோக்கிற வேலையா வைக்கப்போறன். குருவி மடிக்க விருப்பமில்லாத பிள்ளை இலையை எண்ணித் தரட்டும். மாசி, பங்குனியில உங்கட பிறை நாட்காட்டியை 31 பேரும் செய்வினம், அதுக்கு இப்பவே பழைய கலண்டர் சேக்கத் தொடங்கிட்டன்.

சிவன்கோயிலடி
ஜனவரி 6, இரவு 9:14

எங்க வேணுமெண்டாலும் கட்டுங்கோ, தாழ்வாரத்தில தாழக் கட்டவேண்டாம். டவுனுக்குள்ள திரியிற மான் மாவிலையை மட்டுமில்லை, ரிசூத் தாளையும் விடாது. போன வருசம் எங்கட வாசலில 12 தோரணத்தில விடிய 4 தான் மிச்சம். இதையும் ஒரு கழித்தலாப் போடலாம்.

நிலாவெளிக்காரி
ஜனவரி 7, காலை 7:20

ரீச்சர், எங்கட வளவில தென்னை இருக்கு. குருத்தோலை நான் தாறன், ஆனா ஒரு மரத்தில ஒரு குருத்துக்கு மேல வெட்டினா அம்மா விடமாட்டா. எத்தினை ஓலை வேணும் எண்டு பிள்ளையளிட்டயே கேட்டு எழுதுங்கோ. ஒரு ஆளுக்கு ரெண்டு கணக்கில எண்ணி, ஞாயிறு பின்னேரம் கட்டி வைக்கிறன்.

உப்புவெளி ரீச்சர்
ஜனவரி 7, பின்னேரம் 2:45

கேட்டன். 30 பேர் 62 எண்டினம். ஒருத்தன் மட்டும் 64 எண்டு விடாப்பிடியா நிண்டான். எண்ணிப் பார் எண்டு சொல்ல, ரீச்சருக்கும் ரெண்டு வேணும்தானே எண்டான்.

64 கட்டி வையுங்கோ தங்கச்சி, நான் வந்து எடுக்கிறன்.